நூற்று முப்பது டிகிரி

இடுப்புக் கயிறு கட்டிக்கொண்டு
கம்பத்தடியில் நிற்கும்போது அலைபேசி துடிக்கும்.
தையல்நாயகிதான்.
"எந்த லைனை நிறுத்தப் போறீங்க?"
"அகரஓகை ஃபீடர்."
"நம்ம தெருவும் அதுலதானே.
ஒரு பன்னிரண்டு நிமிஷம் பொறுங்க,
அடுப்புல எட்டு ஜோடி இருக்கு."

ஒரு ஃபேஸ் போய் மோட்டார் நின்றுவிட்டதென்று
நாற்றங்கால் வரப்பில் ஒருத்தர் என்னையே பார்க்கிறார்.
ஈரோட்டில் ஏதோ கல்யாணம்,
தோழிமார் எட்டுப் பேர்.
அவர்கள் காதுக்கு இங்கே
குடவாசலில் மல்லிகை வேகிறது.

முதலில் எனக்கு அது மண்ணென்றே படவில்லை.
சோழசூடாமணி ஆற்று மண்ணென்றால்
காயும், வெடிக்கும், மழையில் கரையும்.
இது சென்னையிலிருந்து பாக்கெட்டில் வருகிறது,
சின்ன சோப்புக் கட்டி மாதிரி.
மாசக்கணக்கில் மேசைமேல் கிடந்தாலும்
இளகியே இருக்கும்.
சூடு பட்டால்தான் முடிவெடுக்கும்.
"மண்ணில்லைங்க, பி.வி.சி." என்றாள்.
ஒயருக்குப் போர்த்தியிருப்பதும் அதுதானே,
அன்றைக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.
ஒருநாள் கருகல் வாசம் வர
ஓடிப்போய் மீட்டர் பெட்டியைத் திறந்தேன்.
பெட்டி நன்றாகத்தான் இருந்தது.
அடுப்பில் பூவெல்லாம் காப்பிக்கொட்டை.

வெள்ளையைத் தொடும் முன்
அவள் கை கழுவுவதைப் பார்த்தால்
பிரசவ வார்டு நர்சு என்பீர்கள்.
தையில் அறுப்பு மெஷின் இறங்கியதும்
ஜன்னல் அடைத்து, காற்றாடி நிறுத்தி,
மூச்சைப் பிடித்து உருட்டுவாள்.
அப்படியும் ஒரு நெற்சுணை
எங்கிருந்தோ வந்து உட்காரும்.
ஊசி நுனியில் அதை எடுத்து
என்னிடம் காட்டுவாள்,
நான்தான் கொண்டுவந்தேன் என்பதுபோல.

சுணையைவிடப் பெரிய தொல்லை ரேகை.
எங்கே தொட்டாலும் அவள் விரல் பதியும்.
உறை மாட்டிப் பார்த்தாள், உப்புத்தாள் தேய்த்தாள்.
இதழ் தேய்ந்தது, கோடு நின்றது.

கஜாவுக்கு மறுவாரம்
கோட்டூர் பக்கம் கம்பம் நிமிர்த்தப் போனதில்
எனக்கு வலது கட்டைவிரல் வெந்தது.
தோல் வளர்ந்தது. கோடு வளரவில்லை.
ரேஷன் கடையில் வைத்தால் சிவப்பு.
ஆபீஸில் வைத்தால் சிவப்பு.
பதினெட்டு வருஷ சர்வீஸை
ஆளே இல்லை என்கிறது ஒரு பெட்டி.
"வேற விரல் வைங்க" என்று
யாராவது சொல்லாத வாரமில்லை.

அந்த விரலால்தான் ஒரு ராத்திரி
சும்மா ஒரு இதழை அழுத்தினேன்.
திட்டப்போகிறாள் என்று பார்த்தால்
விளக்கடியில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இன்னொண்ணு அழுத்துங்க."
அழுத்தினேன்.
அப்புறம் என் கையை இழுத்து
விரலை விளக்கில் காட்டினாள்.
கட்டுப் பிரித்த நாளிலிருந்து
நாங்கள் இருவருமே பார்க்காமல் வைத்திருந்த விரல்.
"கண்ணாடி மாதிரி இருக்கு."
இதழையா விரலையா,
நான் கேட்கவில்லை.

இப்போது சாப்பாட்டுக்கு அப்புறம் எனக்கு ஓவர்டைம்.
"மெதுவா. இது கட்டிங் பிளேயர் இல்ல."
இரண்டு விரல் வீங்க நட்டு முடுக்கிய பகலுக்குப் பின்
ஒரு மொக்குக்கு எவ்வளவு போதும் என்று
கை புதிதாகக் கணக்குப் போடுகிறது.

வரப்பில் நிற்பவர் துண்டை உதறித் தோளில் போடுகிறார்.
நாலாவது நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன்.
சாயந்திரம் தலையைக் குனிந்துகொண்டே
வீட்டுக்குள் போனால்
எட்டு ஜோடியும் தட்டில், வெள்ளையாக, முழுசாக.
"கரண்டு வந்ததும் திரும்ப வச்சேன்.
எத்தனை தடவை வேணாலும் வேகும் இது."
"அப்ப ஏன் போன் பண்ணினே?"
"பண்ணிப் பார்த்தேன்."

ஒன்றைக் கவிழ்த்துப் பார்க்கிறேன்.
முன்பக்கம் வழவழப்பு.
பின்பக்கம், கொக்கிக்குக் கீழே,
அவள் விரலின் சுழி அப்படியே வெந்திருக்கிறது.
"பின்னாடி யாரு பாக்கப் போறா" என்று
பெட்டியை மூடி டேப் ஒட்டுகிறாள்.

நாளைக்கு ரேஷனில் பருப்புப் போடுகிறார்கள்.
கூட வருகிறேன் என்றிருக்கிறாள்,
விரலோடு.